சபாரத்தினம் வேலைக்குப் போன ஒன்பது நாட்கள்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது டென்மார்க்கில், ஹேர்னிங் நகரில் ஓர் ஐம்பதாவது பிறந்தநாள் விழாவில், மூன்றாவது மீன் றோல்ஸைக் கடித்துக்கொண்டிருந்தபோது. கிடைத்தது என்பது கொஞ்சம் மரியாதையான சொல். மேசையில் எட்டுப் பேர் இருந்தோம். சொன்னவர் ஒருவர், கேட்டவர்கள் ஏழு பேர். அந்த ஏழு பேரில் வீட்டுக்கு வந்ததும் எழுதுவதற்குக் கொப்பியைத் திறந்தவன் நான் மட்டும்தான். ஆகவே எடுத்துக்கொண்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சொன்னவருக்கு இந்தக் கதையில் சபாரத்தினம் என்று பெயர். வயது அறுபத்தேழு. இக்காஸ்டில் ஒரு துணித் தொழிற்சாலையின் சாயப் பகுதியில் இருபத்துநான்கு வருடம் நின்றவர். அது மூடப்பட்ட பிறகு பத்து வருடம் பிராண்டேயில் இன்னொரு தொழிற்சாலைக்குக் காரில் போய் வேலை செய்தார். இப்போது பென்ஷனில் இருக்கிறார். இந்த முப்பத்துநான்கு வருடத்தில் சுகயீனம் என்று ஒருநாள்கூட லீவு எடுத்ததில்லை என்பதை, நீங்கள் கேட்காவிட்டாலும் அவர் சொல்லுவார்.

அன்றைக்கு அவர் சொன்னது வேறு. தன் மகனுக்குப் பதிலாகத் தான் ஒன்பது நாள் வேலைக்குப் போய் வந்த சங்கதி.

"ஒரு வெள்ளைக்கும் தெரியாது. சிப்பைக் காட்டினால் கதவு திறக்குது. கதவுக்கென்ன தெரியும், வந்தது அப்பனோ மகனோ எண்டு?"

மேசை சிரித்தது. நானும் சிரித்தேன். மனிதர் நன்றாகத்தான் சொன்னார். சிரித்து முடித்துத் தலையை நிமிர்த்தியபோது, பக்கத்து மேசையில் அந்த மகன் இருப்பதைக் கண்டேன். முப்பத்துமூன்று வயது. முன்னால் ஒரு கிளாஸ் கோலா. அவன் தகப்பனைப் பார்க்கவில்லை. வாயில் றோல்ஸோடு சிரித்துக்கொண்டிருந்த என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

இந்தக் கதையை நான் இரக்கத்தில் எழுதவில்லை, வெட்கத்தில் எழுதுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

2

நான் இக்காஸ்டுக்கும் ஹேர்னிங்குக்கும் இடையில் பஸ் ஓட்டுகிறவன். கடைசித் தரிப்பில் பன்னிரண்டு நிமிடம் ஓய்வு உண்டு. அதில்தான் எழுதுகிறேன். இந்தக் கதை துண்டு துண்டாக இலக்கம் போட்டு வருவதற்கு இலக்கியக் காரணம் எதையும் தேடவேண்டாம். பஸ் நேர அட்டவணைதான் காரணம்.

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

"அன்றைக்கும் கஜதீபனின் காதுக்குள் அந்தக் குரல் கேட்டது. அது அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு

இதோடு விட்டுவிட்டேன். கஜதீபன் என்பது மகனுக்கு நான் வைத்த பெயர். அவனுக்கு மனச்சிதைவு நோய். இருபத்திரண்டு வயதில், ஓர்ஹூஸ் நகரில் படித்துக்கொண்டிருந்தபோது வந்தது. அவனுக்குக் குரல் கேட்குமா, கேட்டால் அது என்ன சொல்லும் என்பது எனக்குத் தெரியாது. மனநோய் என்றால் கதையில் ஒரு குரலாவது ஒரு கத்தியாவது வேண்டும் என்று என் கைக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. அதட்டி அடக்கினேன்.

இரண்டாவது தொடக்கம்:

"டென்மார்க்கில் ஃபிளெக்ஸ்ஜொப் என்று ஓர் ஏற்பாடு உண்டு. நோயினால் முழுநேரம் வேலைசெய்ய இயலாத ஒருவர், தனக்கு இயன்ற மணித்தியாலங்கள் மட்டும் ஒரு சாதாரண வேலைத்தலத்தில் வேலை செய்யலாம். முதலில் சில வாரங்கள் பயிற்சியாகச் செய்து பார்க்கவேண்டும். வேலை தேடிக் கொடுப்பதற்கும், கிடைத்த பிறகு கூடவே நிற்பதற்கும் ஓர் ஆலோசகர்

நகரசபை கொடுக்கிற கைநூல் மாதிரி இருக்கிறது. ஆனாலும் அழிக்கவில்லை. இது தெரியாமல் மீதிக் கதை உங்களுக்கு விளங்காது.

மூன்றாவது தொடக்கம்: "சபாரத்தினம் கார்த் திறப்பை எடுத்தார்."

இது பரவாயில்லை. கையில் சாவி வந்துவிட்டது, இதிலிருந்து போகலாம்.

3

போகமுடியாது. திறப்பை எடுக்குமுன் அவர் ஃபிரிட்ஜைக் கடக்கவேண்டும். ஃபிரிட்ஜ் கதவில் ஒரு மஞ்சள் தாள் ஒட்டியிருக்கிறது.

தளபாடப் பெட்டிகளுக்குள் வரும் சிறு பைகளை உங்களுக்குத் தெரியும். எட்டுத் திருகாணி, நான்கு மர ஆணி, ஒரு வளைந்த சாவி. அந்தப் பைகளை நிரப்புகிற சின்னத் தொழிற்சாலை ஒன்று இக்காஸ்டின் ஓரத்தில் இருக்கிறது. (இருக்கிறது என்று நான் சொல்கிறேன். தேடிப் போகவேண்டாம்.) ஆலோசகர் லோனெ எட்டு மாதம் தேடிக் கண்டுபிடித்த இடம் அது. கஜதீபனுக்கு யந்திரச் சத்தம் ஆகாது. ஆகவே யந்திரங்கள் மூன்று மணிக்கு நின்ற பிறகு, மூன்றரையிலிருந்து ஆறரை வரை, திங்கள், புதன், வியாழன் என்று ஏற்பாடு. பகுதிப் பொறுப்பாளர் கேர்ட் மூன்றேகாலுக்கு வீட்டுக்குப் போய்விடுவார். போகுமுன் அன்றைய வேலையை ஒரு துண்டுத் தாளில் எழுதி, பைகளை நிறுக்கும் தராசுக்குப் பக்கத்தில் வைப்பார். கஜதீபன் முடித்துவிட்டு அதே துண்டில் பதில் எழுதிவைப்பான். அறையில் வேறு யாரும் இல்லை. அவனுக்கு அது பிடித்திருந்தது.

மஞ்சள் தாளை லோனெயும் கஜதீபனும் சேர்ந்து எழுதினார்கள். மூன்றே வரி. ஒன்று: இயலாத நாளில், மூன்று மணிக்கு முன், கேர்ட்டுக்கு "இன்றைக்கு இல்லை" என்று ஒரு செய்தி அனுப்பவும். இரண்டு: காரணம் சொல்லத் தேவையில்லை, கேர்ட் கேட்கவும் மாட்டார். மூன்று: அடுத்த வேலைநாளில் வழக்கம்போல் வரவும்.

"வேலைக்கு வருவதைப் போலவே வராமல் இருப்பதற்கும் பழகவேண்டும்" என்றாள் லோனெ. "நீ வராத ஒரு நாளுக்குப் பிறகும் உன் வேலை அங்கேயே இருக்கும். அதை நீ ஒருமுறையாவது கண்ணால் காணவேண்டும்."

(அடிக்குறிப்பு: இந்தக் கதையில் யாராவது இலக்கணச் சுத்தமாகப் பேசினால், அவர் டேனிஷில் பேசுகிறார் என்று கொள்க.)

சபாரத்தினமும் அந்தத் தாளை வாசித்தார். விமானத்தில் உயிர்காப்பு அங்கியைப் பற்றிச் சொல்லும்போது நாங்கள் கேட்கிற மாதிரி வாசித்தார்.

4

மூன்றாவது வாரம், புதன்கிழமை, பின்னேரம் இரண்டு மணி. கஜதீபனின் அறைக்கதவு மூடியே இருந்தது. சபாரத்தினம் தட்டினார்.

"தம்பி, நேரமாகுது."

"ஏலாதப்பா."

"என்ன ஏலாது? மூண்டு மணித்தியாலம்தானே. எழும்பி முகத்தைக் கழுவு. உது என்ன வி—"

அந்த இடத்தில் அவர் நிறுத்தினார். நான் வெட்டவில்லை. விசர் என்றால் பைத்தியம், ஆனால் யாழ்ப்பாணத்தாருக்கு 'விசர்க்கதை' என்பது ஒரு நாளைக்குப் பத்துத் தரம் வாயில் வருகிற சாதாரணச் சொல். மழைக்கும் சொல்வோம், விலைவாசிக்கும் சொல்வோம். அந்த வீட்டில் பதினொரு வருடமாக அதை யாரும் முழுதாகச் சொல்வதில்லை. வாய்வரை வரும், அங்கேயே நிற்கும். கதவின் இரண்டு பக்கத்திலும் இருப்பவர்களுக்கு அது என்ன சொல் என்பது தெரியும்.

சபாரத்தினம் கொஞ்சநேரம் கதவைப் பார்த்தபடி நின்றார். மூன்றாவது வாரமே ஆள் வராவிட்டால் அவர்கள் என்ன நினைப்பார்கள்? எட்டு மாதம் தேடிக் கிடைத்த இடம். இவன் சரிவரமாட்டான் என்று ஒருமுறை எழுதிவிட்டால் பிறகு யார் அழிப்பது? கொழுவியில் கார்த் திறப்பு தொங்கியது. அதற்குப் பக்கத்தில் மகனின் சிப்பும் தொங்கியது. கைக்கு இரண்டும் ஒன்றாகத்தான் வந்தன.

சிப்பைக் காட்டினார், கதவு திறந்தது. துண்டை வாசித்தார். தராசை மூன்று நிமிடத்தில் பிடித்துக்கொண்டார். முப்பத்துநான்கு வருடம் தொழிற்சாலையில் நின்ற கை அல்லவா. மூன்று மணித்தியால வேலை இரண்டேகால் மணித்தியாலத்தில் முடிந்துவிட்டது. சும்மா நிற்கத் தெரியாமல் தும்புக்கட்டையைத் தேடி எடுத்து நிலத்தையும் கூட்டினார். துண்டின் கீழே பெரிய எழுத்தில் "எல்லாம் ஓகே, நன்றி" என்று டேனிஷில் எழுதிவைத்தார்.

அவர் மகனுக்காகப் போனார் என்பது முக்கால் உண்மை. மீதிக் கால்பங்கை நான் சொல்லாவிட்டால் ஒருவரும் சொல்லமாட்டார்கள். காலையில் எழுந்து பத்திரிகையைப் பார்த்து, பதினொரு மணிக்கு வெளியே நடந்து, பிறகு செய்வதற்கு எதுவுமில்லாத மனிதர் அவர். அந்த அறையில் பெட்டிகளை அடுக்கிவிட்டு நிமிர்ந்தபோது அவருக்குப் பெரும் சந்தோஷமாக இருந்தது. வீட்டுக்கு வரும்போது காரில் ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டு வந்தார்.

"எல்லாம் முடிச்சிட்டன், தம்பி. நீ ஒண்டுக்கும் யோசியாதை" என்று மூடிய கதவுக்குச் சொன்னார்.

5

இந்த இடத்தில் ஒரு சின்னக் கட்டுரை. விரும்பாதவர்கள் ஆறாம் இலக்கத்துக்குப் போகலாம்.

ஒரு டேனிஷ்காரருக்கு இந்தக் கதையைச் சொல்லிப் பார்த்தேன். என்னோடு வேலை செய்கிற இன்னொரு சாரதி. "ஆனால் அது தகப்பனின் வேலை இல்லையே" என்றார். அவருக்கு அது மோசடியாகக்கூடப் படவில்லை. விளங்கவே இல்லை.

எனக்கு விளங்கியது. தொண்ணூற்றோராம் ஆண்டு சபாரத்தினத்தின் மனைவி ராசமலர் ஒரு பள்ளிக்கூடத்தில் பின்னேரத் துப்புரவு வேலை செய்தார். வயிற்றில் கஜதீபன் ஏழு மாதம். வாளி தூக்கமுடியாமல் போனபோது சபாரத்தினம் சாயப் பகுதியில் வேலை முடித்து நேரே பள்ளிக்கூடத்துக்குப் போய் மனைவியின் பெயரில் தும்புக்கட்டை பிடித்தார். அவருக்குக் காய்ச்சல் வந்தபோது மச்சான் போனார். மச்சானுக்கு வேறு வேலை இருந்தபோது மச்சானின் அறைத்தோழர் போனார். ஒரு வருடத்தில் அந்தப் பள்ளிக்கூடத்தை நான்கு பேர் ஒரே பெயரில் கூட்டியிருக்கிறார்கள். நிலம் சுத்தமாக இருந்தது, யாரும் கேட்கவில்லை. எங்களில் பலரின் வீட்டில் இப்படி ஒரு கதை உண்டு. என் வீட்டிலும் உண்டு, ஆனால் அதை எழுதமாட்டேன்.

அந்த நாளில் வேலை ஓர் ஆளுடையது அல்ல, வீட்டினுடையது. வீட்டில் எந்தக் கை சும்மா இருந்ததோ அது போனது. சபாரத்தினத்துக்கு அந்தப் புதன்கிழமையும் சும்மா இருந்த கை அவருடையதுதான். எங்கே பிழை வந்தது என்றால், இந்த வேலை நிலம் சுத்தமாவதற்காகக் கொடுக்கப்பட்டது அல்ல. பைகள் நிரம்புவது அதில் பாதிதான். மற்றப் பாதி, கஜதீபன் வருவதும் வராமல் இருப்பதும். அந்தப் பாதியைத் தகப்பன் செய்துகொடுக்க முடியாது.

இதை அவருக்கு யாராவது அன்றைக்கே சொல்லியிருக்கலாம். ஃபிரிட்ஜ் சொல்லிக்கொண்டுதான் இருந்தது.

6

பத்து வாரம், முப்பது வேலைநாள். இருபத்தொரு நாள் கஜதீபன் போனான். இதை மறக்கவேண்டாம். இருபத்தொரு நாள் மழையிலும் காற்றிலும் சைக்கிளில் போய்ப் பைகளை நிரப்பித் துண்டில் பதில் எழுதினான். அவன் பதில்கள் நீளமானவை. "மேல்தட்டில் நான்கு மில்லிமீட்டர் முடிகிறது. யாரோ வானொலியை நிறுத்தாமல் போயிருக்கிறார்கள், நிறுத்திவிட்டேன்." மற்ற ஒன்பது நாளும் துண்டில் பெரிய எழுத்தில் எல்லாம் ஓகே, நன்றி.

சபாரத்தினம் போன எட்டாவது நாள் ராசமலர் வேலையால் நேரத்தோடு வந்துவிட்டார். அவர் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறவர். சபாரத்தினம் குசினிக்குள் வந்து கொழுவியில் சிப்பை மாட்டுவதைக் கண்டார்.

"இண்டைக்கும் நீங்களோ போனனீங்கள்?"

"ஓம். அவனுக்கு ஏலாதாம்."

"ஏலாட்டி ஏலாதெண்டு அவன் அறிவிக்கட்டன். அதுக்குத்தானே உந்தப் பேப்பர் ஒட்டிக் கிடக்கு."

"அறிவிச்சா வேலை போயிடும்."

"என்ர வேலையிலை கிழமைக்கு ஒராள் வருத்தமெண்டு வீட்டிலை நிக்குது. ஆரின்ர வேலை போனது?"

"அவையள் வேறை."

"என்ன வேறை?"

சபாரத்தினம் கையைக் கழுவத் தொடங்கினார். தேவைக்கு அதிகமாகவே கழுவினார்.

"அவனைச் சுகமில்லாமல் இருக்கவும் நீங்கள் விடுறியள் இல்லை" என்றார் ராசமலர். "அதையும் நீங்களே காரிலை ஏத்திக்கொண்டு போறியள்."

அதற்குப் பிறகும் அவர் ஒன்பதாவது நாள் போனார். ஒரு பேச்சில் திருந்துகிற ஆட்கள் கதைகளில்தான் இருப்பார்கள். (இதுவும் கதைதான். ஆனாலும்.)

அந்த ஒன்பது நாளும் கஜதீபன் என்ன செய்தான் என்பது எனக்கு அப்போது தெரியாது. அவன் படுத்திருந்தான் என்று முதலில் எழுதிவிட்டேன். பிறகு அவனே சொன்னான். படுத்திருந்தது உண்மை, கையில் போன் இருந்தது. "இன்றைக்கு இல்லை" என்று எழுதியிருந்தான். அனுப்பவேண்டிய இடத்தில் பெருவிரலை வைத்திருந்தான். அந்த இரண்டு சொல்லை அனுப்ப அவனுக்கு அரை மணித்தியாலம் வேண்டும், சிலவேளை ஒரு மணித்தியாலம். அதற்குள் வெளியே கார் ஸ்டார்ட் ஆகிற சத்தம் கேட்கும். அதன்பிறகு அனுப்பினால் அப்பா மாட்டுப்படுவார். ஆகவே அழித்தான். ஒன்பது தரம் எழுதி ஒன்பது தரம் அழித்திருக்கிறான்.

இதை எழுதுகிறபோது எனக்குக் கவலையாக இருக்கிறது. ஒதுங்கி நின்று சொல்வதாகத்தான் உத்தேசம், ஆனால் இந்த இடத்தில் முடியவில்லை.

7

பிறந்தநாள் விழாவுக்கு அடுத்த கிழமை நகரசபையிலிருந்து கடிதம் வந்தது. நல்ல கடிதம். அதுதான் வில்லங்கம்.

பத்து வாரத்தில் ஒருநாள்கூட வராமல் இருந்ததில்லை என்பது மகிழ்ச்சிக்குரியது என்று எழுதியிருந்தார்கள். எனவே வாரத்துக்கு ஒன்பது மணித்தியாலம் என்பது கஜதீபனின் இயலுமைக்குக் குறைவாக இருக்கலாம். இருபது மணித்தியாலம், பகல் நேரத்தில், மற்றவர்களோடு, யந்திரங்கள் ஓடும்போது முயன்று பார்க்கலாம். லோனெ இப்படிக் கூடவே வரவேண்டிய அவசியமும் இனிக் குறையும். இதைப் பற்றிப் பேச ஒரு சந்திப்பு.

சபாரத்தினம் கடிதத்தை இரண்டுதரம் வாசித்தார். முதல்தரம் சந்தோஷப்பட்டார். இரண்டாவது தரம் வாசித்துவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டார். அந்த நல்ல பெயரில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு அவருடையது. அவர் ஓட்டிய காருக்கு மகன் விலை கொடுக்கப்போகிறான்.

நிலைமை உங்களுக்கு விளங்கியிருக்கும். கஜதீபன் பேசாமல் இருந்தால் இருபது மணித்தியாலம், யந்திரச் சத்தம், கூடவே லோனெ இல்லாமல். அது அவனால் முடியாது. முடியாமல் போனால் மறுபடியும் ஆஸ்பத்திரிதான் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். உண்மையைச் சொன்னால் அப்பா அவமானப்படுவார். இன்னொருவருடைய சிப்பில் தொழிற்சாலைக்குள் போவது சின்ன விஷயமில்லை, இருக்கிற ஒன்பது மணித்தியாலமும் போகலாம்.

8

சந்திப்பு தொழிற்சாலையின் சாப்பாட்டு அறையில். ஒரு கோப்பிக் குடுவை, ஒரு தட்டு பிஸ்கட். லோனெ, கேர்ட், கஜதீபன், அவனோடு கூட வந்தவராகச் சபாரத்தினம். லோனெ கடிதத்தை வாசித்துவிட்டுக் கேட்டாள்: "இருபது மணித்தியாலம். நீ என்ன நினைக்கிறாய்?"

இனி முடிவுகள்.

முடிவு ஒன்று. கேர்ட் சட்டைப் பையிலிருந்து ஒரு திருகாணியை எடுத்து மேசையில் வைக்கிறார். "கஜதீபன் ஒவ்வொரு பையிலும் ஒன்று கூடுதலாகப் போடுவான், வீட்டில் யாராவது ஒன்றைத் தொலைப்பார்கள் என்பதற்காக. ஒன்பது நாள் பைகளில் எண்ணிக்கை மிகச் சரியாக இருந்தது. அந்த ஒன்பது நாளும் அவன் இங்கே இல்லை என்று எனக்குத் தெரியும்." அறை உருகுகிறது. எனக்கே கண் கலங்கியது, எழுதும்போது. இரண்டு நாள் இந்த முடிவோடு திரிந்தேன்.

முடிவு இரண்டு. சபாரத்தினம் எழுந்து நின்று எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு கண்ணீர்

வேண்டாம்.

முடிவு மூன்று. கஜதீபன் பேசுகிறான். ஒன்றரைப் பக்கம். நோய் என்றால் என்ன, வேலை என்றால் என்ன, ஒரு மனிதன் வராமல் இருக்கிற உரிமை என்றால் என்ன. நல்ல பேச்சு. சில வரிகள் எனக்கு மிகவும் பிடித்தவை.

9

அவனுக்கு இதை வாசித்துக் காட்டவேண்டும் என்று தோன்றியது. சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்கத் தைரியம் இல்லாததால் இதைச் செய்தேன் என்றும் சொல்லலாம். கஜதீபனுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. கடைசித் தரிப்புக்கு மூன்று நாள் வந்தான். ஆளில்லாத பஸ்ஸில் முதல் இருக்கையில் உட்கார்ந்து, நாளுக்குப் பன்னிரண்டு நிமிடம் கேட்டான்.

கார்ச் சத்தம், போன், அழித்த செய்தி எல்லாம் அப்போது அவன் சொன்னதுதான். சொல்லும்போது ஒவ்வொரு வசனத்துக்கும் முன் நீண்ட நேரம் எடுத்தான். நான் இரண்டுதரம் இடையில் புகுந்து வசனத்தை முடித்துக்கொடுத்தேன். இரண்டுதரமும் பிழையாக முடித்தேன்.

கேர்ட்டின் திருகாணியைப் பற்றி வாசித்தபோது டேனிஷில் சொன்னான்: "ஒன்று கூடினால் தராசு சிவப்பு விளக்குக் காட்டும். பை வெளியே போகாது."

இரண்டு நாள் நான் கண்ணீர் விட்ட திருகாணி அப்படிப் போயிற்று.

பிறகு மூன்றாவது முடிவை, அவனுடைய ஒன்றரைப் பக்கப் பேச்சை, உணர்ச்சியோடு வாசித்தேன். அவன் கேட்டு முடித்தான். ஜன்னலுக்கு வெளியே ஒரு பெண் நாயைக் கூட்டிக்கொண்டு போனாள். அவள் தெருமுனையைக் கடக்கும்வரை அவன் ஒன்றும் சொல்லவில்லை. இந்தமுறை நானும் வாயைத் திறக்கவில்லை.

"நல்லாயிருக்கு அங்கிள்" என்றான், தமிழில். "இது ஆர் கதைக்கிறது?"

"நீர்தான்."

"இல்லை" என்றான். "அப்பா ஒம்பது நாள் போனவர். இப்ப நீங்கள் பத்தாவது நாள் போறீங்கள்."

எனக்குப் பஸ் எடுக்க நேரமாகிவிட்டிருந்தது. அவன் இறங்கிச் சைக்கிளை எடுத்தான். அன்றைக்கு ஹேர்னிங்வரை நான் எந்தத் தரிப்பில் நின்றேன், எதில் நிற்காமல் போனேன் என்று ஞாபகமில்லை.

முடிவு ஒன்று, இரண்டு, மூன்று எல்லாவற்றுக்கும் குறுக்கே கோடு போட்டுவிட்டேன். வாசித்துவிட்டீர்கள் என்றால் அது உங்கள் பாடு.

10

ஆனாலும் முடிவு வேண்டும் அல்லவா. சபாரத்தினத்துக்குப் போன் எடுத்தேன். எட்டுப் பேர் மேசையில் சிரிக்கச் சிரிக்கச் சொன்ன மனிதர், இதையும் சொல்லிவிடுவார் என்று நம்பினேன். சந்திப்பைப் பற்றிக் கேட்டேன். சொன்னார்.

"லோனெ கேட்டாள். இவன் பேசாமல் இருந்தான். எனக்குத் தெரியும்தானே தம்பி, இவனுக்குப் பதில் வரச் சுணங்கும். டொக்டரிட்டையும் நான்தான் சொல்லுறனான், கடையிலையும் நான்தான், கோயிலிலை ஐயர் நட்சத்திரம் கேட்டாலும் நான்தான். அண்டைக்கும் வாயைத் திறந்திட்டன். 'ஓம், செய்வான்' எண்டு வாயிலை வந்திட்டுது. எனக்குத் தெரியும் அவனுக்கு ஏலாதெண்டு. எண்டாலும் அதுதான் வருது, பாரும்."

"பிறகு?"

"மேசைக்குக் கீழை என்ர முழங்காலிலை கை வைச்சான். சின்னனிலை பல்லு டொக்டரிட்டைப் போனால் பயத்திலை வைப்பான், அப்பிடி இல்லை. பொறுங்கோ எண்டு வைச்சான். நான் வாயை மூடினன். லோனெயும் பேசேல்லை, கேர்ட்டும் பேசேல்லை. கோப்பி ஆறிப்போச்சு. நான் அப்பிடி ஒரு நாளும் இருந்ததில்லை, தம்பி. பிறகு அவன் கதைக்கத் தொடங்கினான்."

"என்ன சொன்னவன்?"

போனின் அந்தப் பக்கத்தில் அவர் கதிரையை இழுத்துப் போடுகிற சத்தம் கேட்டது.

"அது அவன் சொன்னது" என்றார் சபாரத்தினம். "அவனைக் கேளும்."

11

கேட்டேன். வியாழக்கிழமை பின்னேரம் இரண்டேகாலுக்கு, கடைசித் தரிப்பிலிருந்து கஜதீபனுக்குச் செய்தி அனுப்பினேன். கதையை முடிக்கவேண்டும், லோனெ கேட்டதற்கு நீர் என்ன சொன்னீர் என்று டேனிஷில் எழுதினேன்.

பஸ் எடுக்க ஒரு நிமிடம் இருக்கும்போது பதில் வந்தது.

"இன்றைக்கு இல்லை."

அவ்வளவுதான். ஏன் என்று எழுதினேன். அனுப்பவில்லை. மஞ்சள் தாளின் இரண்டாவது வரி ஞாபகம் வந்தது, அழித்துவிட்டேன். ஆகவே அந்த மேசையில் அவன் என்ன சொன்னான் என்பது என்னிடம் இல்லை, உங்களுக்குத் தருவதற்கும் இல்லை. நீங்களாக ஒன்றை எழுதி அவன் வாயில் வைக்கவும் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பிழையை நாங்கள் இரண்டு பேர் ஏற்கெனவே செய்தாயிற்று.

கண்டதை மட்டும் சொல்கிறேன். என் பஸ் அந்தத் தொழிற்சாலையைத் தாண்டித்தான் போகும். திங்கட்கிழமை மூன்றே முக்காலுக்கு மூலை அறையில் வெளிச்சம் இருந்தது, வாசலில் அவனுடைய சைக்கிள் நின்றது. புதன்கிழமையும் வெளிச்சம் இருந்தது, சைக்கிள் நின்றது. இன்று வியாழன். அந்த ஜன்னல் இருட்டாக இருந்தது. வாசலில் சைக்கிள் இல்லை. கார் எதுவும் இல்லை. எனக்கு அனுப்பியதையே அவன் கேர்ட்டுக்கும் அனுப்பியிருக்கவேண்டும், அதுவும் மூன்று மணிக்கு முன். இருட்டாக இருந்த ஒரு ஜன்னலைப் பார்த்து எனக்கு இவ்வளவு சந்தோஷம் வரும் என்று நான் நினைத்ததில்லை.

மூன்று தரிப்புத் தள்ளிச் சபாரத்தினத்தின் வீடு. கார் வாசலில் நின்றது. அவர் காருக்கும் வேலிக்கும் நடுவில், கையில் கத்தரிக்கோலோடு நின்றார். பஸ்ஸைக் கண்டு கையை உயர்த்தினார், நானும் உயர்த்தினேன். இலையுதிர்காலம் முடிந்துவிட்டது, வேலியில் வெட்டுவதற்கு எதுவும் மிச்சமில்லை. ஆனாலும் அவர் வெட்டிக்கொண்டு நின்றார்.